இந்த மாதம் யார் முறை

அந்தப் பெரிய சாப்பாட்டு விடுதியின் பின்கட்டில் பாத்திரம் கழுவும் பெண்கள் ஆறு பேர். முன்பக்கம் மெல்லிய பாட்டும் வாசனையும் விருந்தாளிகளுக்கு. பின்பக்கம் வெந்நீர் ஆவியும் சோப்பு நுரையும் இவர்களுக்கு. எது உடைந்தாலும் உடைத்தவர் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். 'என் கவனக்குறைவால் உடைந்தது, பிடித்துக்கொள்ளச் சம்மதம்' என்று அச்சடித்த தாளை மேனேஜர் நீட்டுவார். கையெழுத்துப் போட வேண்டியதுதான். கண்ணாடி உடைந்தால் போதும், அந்த மனுஷனுக்கு எங்கிருந்தாலும் மூக்கில் வேர்த்துவிடும்.

கண்ணாடி டம்ளர் கழுவுகிறவளுக்குக் கண்ணாடியக்கா என்றே பேர். தனிக்கட்டை. இதை விட்டால் போக்கிடம் இல்லை. கொஞ்ச காலமாக அவள் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. உடைவதில் பாதிக்கு மேல் அவள் கையில்தான் உடைந்தது. ஒரே பேர் திரும்பத் திரும்பத் தாளில் வந்தால் அவள் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் கூட்டம் கூட்டிப் பேசாமலே ஒரு வழக்கம் வந்தது. யார் உடைத்தாலும் கையெழுத்து மட்டும் மாதத்துக்கு ஒருத்தி.

"இந்த மாசம் கைராசிக்காரி யாருடி?" என்று கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள். சட்டம் படித்தவர்கள் யாராவது அங்கே இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

சின்னக்கா என்று எல்லோரும் கூப்பிடுகிறவளின் முறை அந்த மாதம். அவளுக்கு அந்தச் சம்பளம் வெறும் சம்பளமில்லை. புருஷன் விட்டுப்போனதிலிருந்து அவள் மகள் மாமா வீட்டில் வளர்கிறாள். அங்கே கூடத்தில்தான் படுக்கை. எல்லோரும் டிவி பார்த்து முடித்த பிறகுதான் பாய் விரிக்க முடியும். "அம்மா, நம்ம வீடு எப்போ?" என்று அந்தக் குழந்தை போனில் கேட்பதை நிறுத்தியே ஆறேழு மாதம் ஆகிறது. கேட்டபோது வலித்ததைவிடக் கேட்காதது சின்னக்காவுக்கு அதிகம் வலித்தது. ஒற்றை அறை ஒன்று பார்த்துவிட்டாள். இந்தச் சம்பளம் வந்தால் அட்வான்ஸ் கொடுத்துவிடலாம்.

அந்த வாரம்தான் டம்ளர் கழுவும் மெஷினின் கதவு கழன்று விழுந்தது. கொக்கி தேய்ந்துவிட்டது என்று இவர்கள் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கூடை கூடையாக அடுக்கியிருந்த மெல்லிய கண்ணாடிகள், விருந்துக்கென்று வாங்கிய விலை உயர்ந்தவை, அத்தனையும் தூள். பக்கத்தில் ஒருத்தியும் இல்லை. மேனேஜர் தாளோடு வந்து நின்றார். சின்னக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, முறை தன்னுடையது என்ற பழக்கத்தில், படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். சம்பள நாளில் பேருந்துக்குக்கூடக் காணாத பணம் கைக்கு வந்தது.

சின்னக்கா தொழிலாளர் அலுவலகத்தில் போய்ப் புகார் சொன்னாள். அங்கிருந்த அதிகாரியம்மா நல்ல மாதிரி. "மெஷின் ரிப்பேரானா அது முதலாளியோட செலவும்மா. அதை உங்க தலையில கட்ட முடியாது. ஆனா உங்க கவனக்குறைவுன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்களே?" என்றாள்.

"கையெழுத்துப் போடறது வழக்கம் மேடம்."

"அப்ப சாட்சி கூட்டிட்டு வாங்க. விசாரிக்கிறேன்."

மற்ற நாலு பேரும் ஏதோ காரணம் சொல்லி நழுவினார்கள். கண்ணாடியக்காதான் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தாள். கொக்கி தேய்ந்திருந்ததை முந்தானைக்குள் கையை வைத்துக்கொண்டு தெளிவாகச் சொன்னாள். மேனேஜர் சின்னக்காவின் பழைய தாள்களை மேசைமேல் பரப்பினார்.

"இவங்க எப்பவும் உடைக்கிறவங்கதான் மேடம். பாருங்க, போன வருஷமும் இவங்க கையெழுத்து."

"அதெல்லாம் நான் உடைக்கல!" என்றாள் சின்னக்கா. "முறை போட்டுக் கையெழுத்துப் போட்டோம்."

"முறையா?" மேனேஜர் சிரித்தார். "அடுத்தவங்க உடைச்சதுக்கு நீங்க பணம் கட்டுவீங்களாக்கும்? யாரைக் காப்பாத்த? சும்மா கதை விடாதீங்க."

அந்தச் சிரிப்புதான் அவளைக் கிளப்பிவிட்டது. பொய்க்காரி என்கிறானே என்ற ஆத்திரம். "கதையில்ல. அக்காவுக்குக் கை நடுங்கும். ஒரே பேரு வந்தா நீங்க வேலையை விட்டு அனுப்பிடுவீங்கன்னுதான்..."

பாதியில் நிறுத்தினாள். நிறுத்தி என்ன பயன்? மேனேஜரின் கண் கண்ணாடியக்காவின் முந்தானைக்குப் போய்விட்டது. கண்ணாடியக்கா யாரையும் பார்க்கவில்லை.

வழக்கு ஜெயித்தது. உடைக்காததற்கு உடைத்ததாக வாங்கிய கையெழுத்து எதுவும் செல்லாது. முழுச் சம்பளத்தையும் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. படியிறங்கும்போதுதான் சின்னக்காவுக்கு உறைத்தது. யாரைக் காப்பாற்ற என்று மேனேஜர் கேட்டதற்கு, 'நஷ்டத்தை எல்லாரும் சமமாப் பங்கு போட்டுக்கத்தான்' என்று சொல்லியிருந்தால் போதுமே! அதுவும் பாதி நிஜம்தானே! ஒரு மூச்சு விட்டு யோசித்திருந்தால் வந்திருக்கும் அந்த வார்த்தை. அவள் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் கண்ணாடியக்காவை நிறுத்திவிட்டார்கள். சின்னக்கா மறுபடி அதிகாரியம்மாவிடம் ஓடினாள்.

"அவங்களுக்குச் சேர வேண்டியதைப் பைசா குறையாம கொடுத்துட்டாங்கம்மா. கை நடுங்குறவங்க கண்ணாடி கழுவுனா ஆபத்துன்னு எழுதியிருக்காங்க. சம்பளம் பிடிச்சா நான் கேட்பேன். இதுக்கு நான் என்ன செய்ய?" அவள் குரலிலும் வருத்தம் இருந்தது. வருத்தத்தால் வேலை திரும்பி வரவில்லை.

ஒற்றை அறைக்கு மகள் வந்துவிட்டாள். முதல் நாள் மதியமே பாயை விரித்து, இஷ்டத்துக்கு உருண்டு சிரித்தாள். சின்னக்காவும் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அடுத்த லீவு நாளில் மகளைக் கூட்டிக்கொண்டு கண்ணாடியக்காவின் அறைக்குப் போனாள். தனியாகப் போகத் துணிச்சல் இல்லை என்பதுதான் உண்மை. கண்ணாடியக்கா கதவைத் திறந்தாள். "வா கண்ணு" என்று குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். பிஸ்கட் எடுத்து வைத்தாள். எந்த ஸ்கூல், எந்த வகுப்பு, கணக்கு வருமா என்றெல்லாம் கேட்டாள். பின்னல் கோணலாக இருக்கிறதென்று அவிழ்த்து, நடுங்கும் விரல்களால் பொறுமையாகப் பின்னிவிட்டாள். போதாத இடத்தில் தன் ரிப்பனையே கட்டினாள்.

"அக்கா" என்றாள் சின்னக்கா. கண்ணாடியக்கா குழந்தையிடம் இன்னொரு பிஸ்கட்டை நீட்டினாள். சின்னக்கா அட்வான்ஸ் போக மிஞ்சிய பணத்தில் பாதியைத் தாளில் மடித்து ஜன்னல் ஓரம் வைத்தாள். கிளம்பும்போது கண்ணாடியக்கா அதை எடுத்துக் குழந்தையின் பைக்குள் போட்டு, "அம்மாகிட்ட கொடுத்துடு" என்றாள். அம்மா ஓரடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள்.

தெருவில் மகள் குதித்துக் குதித்து நடந்தாள். "அந்தப் பெரியம்மா ரொம்ப நல்லவங்கம்மா. வாராவாரம் வரலாமா?"

"வரலாம்" என்றாள் சின்னக்கா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, போகிற வருகிற சனங்களுக்கு நடுவே நின்று அழுதாள்.