படத்தில் தெளிவாக இருந்தவள்

நெதெல்காவுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். அடிபட்டுக் கிடந்தபோது லியூபென் தன் பக்கம் பார்த்தானா?

அன்று அங்காடியில் தயிரை மறந்துவிட்டுக் காருக்குத் திரும்பி வந்தான் கணவன் லியூபென். "நாப்பது வருஷமா மறதி! போ, போய் வாங்கிட்டு வா!" என்று விரட்டினாள். காருக்குள் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். வண்டி நிறுத்துமிடத்தில் பின்னோக்கி வந்த வேன் ஒன்று அவனை இடித்துத் தள்ளியது. கூட்டம் கூடிய பிறகுதான் இறங்கினாள். அதற்குள் அவனுக்கு நினைவு தப்பியிருந்தது. மறுநாள் போய்விட்டான்.

வாசலில் ஒட்டிய மரண அறிவிப்பின் பசை காயுமுன் அங்காடிக்குப் போனாள். அங்குள்ள கேமராவில் பதிவான படம் முப்பது நாளில் அழிந்துவிடுமாம்.

"போலீஸுக்குக் கொடுத்துட்டோம்மா. அதுல வேற ஆளுங்களும் இருக்காங்க, உங்களுக்குத் தரக் கூடாது. தன் படத்தைத்தான் ஒருத்தர் கேக்கலாம். உங்க வீட்டுக்காரர் கேட்டிருந்தா அவருக்குத் தந்திருப்போம்," என்றான் பாதுகாப்பு அதிகாரி தொப்ரின்.

"கல்லறைக்குப் போய் எழுப்பிக் கூட்டிட்டு வரவா?"

தொப்ரின் மேசையிலிருந்து ஒரு விண்ணப்பத் தாளை எடுத்தான். கெட்டவனில்லை, பாவம். சட்டம் ஆள் முகத்தையா பார்க்கிறது, தாளைத்தானே பார்க்கிறது?

"நீங்களும் கார்ல இருந்தீங்கல்ல? உங்க படத்தை நீங்க கேளுங்க. அதை மறுக்க முடியாது."

அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

இருபத்தாறாம் நாள் படம் வந்தது. மகள் எலித்சா கணினியில் ஓடவிட்டாள். கேட்டவரைத் தவிர மற்ற எல்லோரையும் மறைத்துத்தான் கொடுப்பார்களாம். வேன் எண்ணை மறைத்திருந்தார்கள், போவோர் வருவோர் முகங்களை மறைத்திருந்தார்கள். தரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ கலங்கலாகக் கிடந்தது.

"இது என்னடி?"

"அப்பாதாம்மா."

அந்தக் கலங்கலிலிருந்து ஒரு கை மட்டும் மேலே எழுந்தது. காரை நோக்கி அசைந்தது. விழுந்தது. மறுபடி எழுந்தது.

கார்க் கண்ணாடிக்குள் நெதெல்கா, கடவுச்சீட்டுப் படம்போலத் தெளிவாக, மறுபக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"நிறுத்திரவாம்மா?"

"நிறுத்தாதே."

நெதெல்கா திரையில் இருந்த தன் முகத்தின்மேல் விரலை வைத்துத் தள்ளினாள்.

"திரும்புடி," என்றாள். "ஒரே ஒரு தடவை திரும்புடி, பாவி."