தூங்கிக்கொண்டிருந்த ஆல்டர்னேட்டர்

என் தம்பியை ஆற்றின் இரண்டு கரையிலும் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆள் ஏற்றிப்போகிற டீசல் படகு ஒன்று அவனிடம் இருக்கிறது. அருமையான எஞ்சின். அதற்கு ஒரே ஒரு குறைதான். நிறுத்தினால் மறுபடி கிளம்பாது.

காரணம் பேட்டரி. காலையில் முறுக்காக இருக்கும், மத்தியானத்துக்குள் உயிரை விட்டுவிடும். எஞ்சின் ஓடும்போது கூடவே பெல்ட்டில் சுற்றும் ஆல்டர்னேட்டர்தான் பேட்டரிக்கு மின்சாரம் ஊட்ட வேண்டும். அது ஊட்டுவதாகக் காணோம். ஒருநாள் பேட்டரியில் ஒரு பல்பைத் தொட்டுப் பார்த்தோம். பல்பு எரியாதது ஒருபக்கம் இருக்கட்டும், பக்கத்துப் படகில் எரிந்துகொண்டிருந்த விளக்கும் மங்கிவிட்டது. பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்தப் படகுக்காரர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

இன்னொரு நாள் அக்கரையில் நிறுத்திய படகு கிளம்பவே இல்லை. பயணிகள் சாப்பாட்டு டப்பா மூடிகளால் துடுப்புப் போட்டு இக்கரை வந்து சேர்ந்தார்கள். வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டோம் என்று ஒருவர் பாராட்டிவிட்டு வேறு போனார்.

கேப்டன் சும்மா இருக்கவில்லை. புது பேட்டரி வாங்கினான். புது பெல்ட் மாட்டினான். ஆல்டர்னேட்டரைக் கழற்றித் தோளில் சுமந்து பட்டறைக்குப் போனான். அங்கே மேசையில் வைத்து வேகமாகச் சுற்றினால் சமர்த்தாக மின்சாரம் கொடுத்தது. படகில் மாட்டினால் வாயே திறக்காது. வீட்டில் வாய் ஓயாமல் பேசிவிட்டு, விருந்தாளி வந்ததும் ஊமையாகிற குழந்தை மாதிரி.

கடைசியில் படகுத்துறை அதிகாரி வந்தார். "நாளைக்குக் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் உங்க படகுலதான் இருப்பேன். கரைக்குக் கரை நிறுத்திக் கிளப்பணும். ஒரு தடவை மக்கர் பண்ணாலும் இந்தத் துறை வேற ஆளுக்குப் போயிரும்" என்றார். கேப்டனுக்கு வேறு பிழைப்புத் தெரியாது. நடக்கும்போதுகூட லேசாக ஆடுவான், தரை அவனுக்குப் பழக்கமில்லை.

"என் மருமகளைக் கூப்பிடுடா" என்றேன். அவள் படகுகளுக்கு வயரிங் செய்கிறவள், சொந்தமாகக் கடை வைத்திருக்கிறாள். அதுவரை அவளைக் கூப்பிடாததற்குக் காரணம் இருந்தது. வீட்டு ஆளிடம் உதவி கேட்டால் சாகிறவரை சாப்பாட்டு நேரமெல்லாம் அதையே கேட்க வேண்டியிருக்கும் என்று அவனுக்குப் பயம். நியாயமான பயம்தான்.

அவள் வந்தாள். வந்ததும் எதையாவது கழற்றுவாள் என்று பார்த்தேன். ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியில் வைத்தாள்.

"சின்ன மாமா, எஞ்சினைப் போடுங்க."

அன்று காலை பட்டறையில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றியிருந்ததால் எஞ்சின் கிளம்பியது. மீட்டரில் முள் அசையவில்லை.

"பன்னண்டு வோல்ட்டுலயே நிக்குது. பதினாலு வரணும். ஒரு துளிகூட உள்ள போகலை."

பெல்ட்டை அழுத்திப் பார்த்தாள். ஒயர் முனைகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள், மருத்துவர் பல்லை ஆட்டுகிற மாதிரி. எல்லாம் கெட்டியாக இருந்தன. கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தத்தைக் கேட்டபடி நின்றாள்.

"இவ்வளவு மெதுவாத்தான் ஓட்டுவீங்களா?"

"டீசல் என்ன ஆத்துலயாம்மா வருது?"

"ஒரே ஒரு தடவை நல்லா முறுக்குங்க."

பெற்ற பிள்ளையை அடிக்கச் சொன்னது போல முகத்தை வைத்துக்கொண்டு கேப்டன் முறுக்கினான். எஞ்சின் கத்தியது. முள் துள்ளிப் பதினாலுக்குப் போய் உட்கார்ந்தது. வேகத்தைக் குறைத்த பிறகும் இறங்கவில்லை.

"அடேங்கப்பா!" என்றேன்.

"ஆல்டர்னேட்டர் நல்லாத்தான் இருக்கு மாமா. தூங்குது. எழுப்பிவிட ஆளில்லை." அவள் சுக்கானுக்கு முன்னால் இருந்த பலகையைப் பார்த்தாள். அங்கே ஒரு துளையைப் பளபளக்கும் சட்டைப் பொத்தான் ஒன்று அடைத்திருந்தது. "இங்க ஒரு சிவப்பு விளக்கு இருந்திருக்கணுமே?"

"இருந்துச்சு. நாந்தான் கழட்டிப் போட்டேன்" என்றான் கேப்டன் பெருமையாக. "சாவியைத் திருப்பினா சிவப்பா எரியும். ஜனங்க பயந்தாங்க. ஒரு அம்மா மூட்டையோட கரைக்குத் தாவிருச்சு."

அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளுக்கு ஒரு மாலை போடலாம்.

"சின்ன மாமா, அது அலங்காரத்துக்கு வச்ச விளக்கு இல்லை. அந்த பல்பு வழியா ஒரு வாய் மின்சாரம் ஆல்டர்னேட்டருக்குப் போகும். அதை வாங்கிக்கிட்டுத்தான் அது முழிச்சு வேலையை ஆரம்பிக்கும். அப்புறம் விளக்கு தானா அணைஞ்சிரும். நீங்க அலாரத்தைத் தூக்கி எறிஞ்சுட்டு, வேலைக்காரன் எந்திரிக்கலையேன்னு ஆளை மாத்திக்கிட்டு இருக்கீங்க."

கேப்டன் என்னைப் பார்த்தான். நான் ஆற்றைப் பார்த்தேன்.

பழைய பல்பு ஆற்றில் போய்விட்டது. அவள் என் ஸ்கூட்டரின் இண்டிகேட்டர் பல்பைக் கழற்றிவந்து ஒயரில் பொருத்தினாள். சாவியைத் திருப்பியதும், அவள் பையிலிருந்து எடுத்து மாட்டிய சிவப்பு மூடிக்குள் அது எரிந்தது. எஞ்சின் மெதுவாகவே ஓடியது, விளக்கு அணைந்தது, முள் பதினாலுக்கு ஏறியது. ஒரு பைசாவுக்குப் பொருள் வாங்காமல், எது கெடவில்லை என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டே போய்க் கெட்டதைப் பிடித்தாள். நான் அந்த ஒயரை நக்கிப் பார்த்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

மறுநாள் அதிகாரி குடையோடு வந்து நடுவில் உட்கார்ந்தார். கரைக்குக் கரை கேப்டன் நிறுத்தினான், கிளப்பினான். ஒவ்வொரு தடவை சாவியைத் திருப்பும்போதும் அவன் மூச்சை அடக்கியதில், படகு தண்ணீரில் ஒரு விரற்கடை உயர்ந்தது. பின்னால் மருமகள் மீட்டரோடு உட்கார்ந்திருந்தாள், ஆனால் அதைப் பார்க்கவே இல்லை. நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தைரியத்தைப் பார்த்துத்தான் எனக்கும் தைரியம் வந்தது.

வெயில் சாய்ந்தபோது அதிகாரி குடையை மடக்கினார். "ஓட்டுங்க" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கேப்டன் மருமகளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். காத்திருந்தவர்களைப் பார்த்து, "ஏறுங்க, ஏறுங்க" என்று மட்டும் சொன்னான்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "எனக்கு அக்கரையில ஒரு வேலை இருக்கு. டிக்கெட் எவ்வளவு சின்ன மாமா?"

"டிக்கெட்டா? என்கிட்டயா டிக்கெட் கேக்கிற? உக்காரு முன்னாடி!"

அவன் போட்ட சத்தத்தில், படகு வந்துவிட்டது என்று நினைத்து அக்கரையில் இருந்தவர்கள் எழுந்து வரிசையில் நின்றுவிட்டார்கள்.