புலியூத்துக்குக் கீழே ஏழு வளைவு

புலியூத்து தாண்டியதும் கைப்பழக்கத்தில் ஸ்டாப்பரை இழுத்துவிட்டேன். என்ஜின் இரண்டு முறை உதறி அடங்கியது. கியரை நியூட்ரலுக்குத் தள்ளியதும் ஜீப் தன்பாட்டுக்கு இறங்கத் தொடங்கியது. டயர் உருளும் சத்தம், பின்னால் மூன்று ஏலக்காய் மூட்டைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம், காற்று, அவ்வளவுதான். அப்போதுதான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

போடி மெட்டிலிருந்து முந்தல் வரை இறங்குகிற ஜீப்காரர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் அணைத்து இறக்குவோம். டீசல் மிச்சம். தப்புதான், பிரேக் போனால் பிடித்து நிறுத்த என்ஜின் இருக்காது. செக்போஸ்டுக்கு முந்தின வளைவில் கியரைப் போட்டு வண்டிக்கு உயிர் கொடுத்து, ஒன்றும் அறியாத பிள்ளைகளாகப் போலீஸ்காரரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவோம். ஆனால் என் தங்கை அனுசியாவின் வீட்டுக்காரன் பிரபாகரன் வண்டியில் இருந்தால் மட்டும் ஒருத்தரும் அணைக்க மாட்டோம். நாலு வருடத்துக்கு முன்னால் அப்படி ஒருமுறை பெத்துராஜ் அணைத்ததற்கு, நடு வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, மிச்ச மலையையும் நடந்தே இறங்கி வந்தவன் அவன்.

அதனால் ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். அவன் இடது பக்கக் கம்பியில் தாடையை வைத்துப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். மத்தியானம் மேலே எஸ்டேட்டில் வைத்து என் வண்டி என்ஜினில் தட்டிக்கொண்டிருந்த டேப்பட்டைச் சரிசெய்திருந்தான். மூன்று வளைவு கடந்தது. அவன் என் பக்கம் திரும்பினான்.

"மச்சான், இப்பத்தான் சத்தம் சுத்தமா இருக்கு. காலையில டக்கு டக்குன்னுச்சே, போயிருச்சு பாத்தியா."

நான் சிரித்தேன். கிண்டல் பண்ணுகிறான், ஏசுவதற்குப் பதில் இப்படி ஊசி ஏற்றுகிறான் என்று நினைத்தேன். அவனும் சிரித்தான். காலால் வண்டியின் தரையைத் தட்டிக் காட்டி, "டேப்பட்டுதான். நாந்தான் சொன்னேன்ல" என்றான். அது கிண்டல் பண்ணுகிறவனின் முகம் இல்லை. செய்த வேலை சரியாக வந்த நிம்மதி அதில் இருந்தது. என்ஜின் ஓடவே இல்லை.

பின்னால் மூணாறு பஸ் வந்து ஹாரன் அடித்தது. கேட்டால் பிள்ளைத்தாய்ச்சி பதறிப்போவாள், அப்படி ஒரு ஹாரன். நான் ஒதுங்கினேன். பஸ்ஸின் நிழல் எங்கள் மடியில் விழுந்த பிறகுதான் பிரபாகரன் திரும்பிப் பார்த்தான். பஸ் போனதும் நான் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், சாதாரணக் குரலில், "மாப்ளே, நீ ஒரு களவாணிப்பய" என்றேன். அவன் பள்ளத்தாக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு தடவையும் சொன்னேன். அப்போதும் அவன் திரும்பவில்லை.

கடைசி வளைவில் ஸ்டாப்பரை உள்ளே தள்ளி, மூன்றாவது கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். வண்டி குலுங்கி என்ஜின் உறுமியது. அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பள்ளத்தப் பாத்து எறக்கு மச்சான்" என்றான். ரோடு அங்கே கண்ணாடி மாதிரி இருந்தது, ஒரு குழிகூட இல்லை.

யாருக்கு வேண்டுமானாலும் காது போகலாம். எங்கள் ஓட்டுநர்களிலேயே பாதிப் பேர் ஒரு பக்கம் மந்தம். ஆனால் பிரபாகரனுக்குக் காதுதான் எல்லாம். சென்னைப் பக்கம் ஒரு கார் கம்பெனியில் பதினோரு வருடம் பந்தய என்ஜின் பிரிவில் இருந்தவன். நாலு சக்கரமும் மூடாமல் வெளியே துருத்தி நிற்க, ஒரே ஒரு ஆள் படுத்த வாக்கில் ஓட்டுவானே, அந்தப் பந்தயக் காருக்கு என்ஜின் கட்டுகிற இடம். கட்டிய என்ஜினை ஓர் அறைக்குள் முடுக்கி வைத்து, முழு வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டிப் பார்ப்பார்கள். கம்ப்யூட்டர் கண்டுபிடிக்காத கோளாறை இவன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று காதால் கண்டுபிடித்துவிடுவான் என்று பேர். இன்னும் துல்லியமாகக் கேட்க வேண்டும் என்றால் சத்தம் தடுக்கக் காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டு அறைக்குள்ளேயே போய்விடுவானாம். அதை அவனே பெருமையாகச் சொல்லியிருக்கிறான், நாங்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருக்கிறோம். அப்போது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால் பந்தயமே வேண்டாம் என்று கம்பெனி அந்தப் பிரிவை மூடியது. போடிக்கு வந்து ஜீப் மெக்கானிக் ஆனான். குறை சொல்ல மாட்டான், ஆனால் சிரிக்கவும் மாட்டான். போன வாரம் எங்கள் ஸ்டாண்டு டீக்கடையில் மூத்த ஓட்டுநர் பிச்சைமணிதான் பேப்பரில் அந்தச் செய்தியைப் பார்த்தார். கம்பெனி திரும்பவும் பந்தயத்துக்கு வருகிறது. இந்தத் தடவை சொந்தக் கார் இல்லை, சொந்த ஓட்டுநர் இல்லை. அடுத்தவர்களின் கார்களுக்கு என்ஜின் மட்டும் கொடுக்கும்.

"வண்டி ஒருத்தனுது, என்ஜின் ஒருத்தனுதா? அப்ப நம்ம சின்ராசு ஜீப்பு மாதிரின்னு சொல்லு" என்றான் பெத்துராஜ். சின்ராசு வண்டியில் கூடு ஒரு கம்பெனி, என்ஜின் வேறு கம்பெனி, சீட்டு எவன் வீட்டு சோபாவோ. எல்லோரும் சிரித்தோம். பிரபாகரன் பேப்பரை வாங்கி இரண்டு தடவை படித்தான், மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். மறுநாளே அவனுடைய பழைய மேலதிகாரி ஜோசப் சாரிடமிருந்து போன். வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலில் மதுரை போய், அங்கிருந்து சென்னை. சனிக்கிழமை புது என்ஜின் ஓட்டிப் பார்க்கிறார்கள், இவன் இருந்தாக வேண்டும்.

இதெல்லாம் அந்த வியாழக்கிழமை முந்தலைத் தாண்டி வரும்போது எனக்குள் ஓடியது. ஓட ஓட ஒவ்வொன்றாக விளங்கியது. டீக்கடையில் எப்போதும் எல்லோர் முகமும் தெரிகிற மூலை பெஞ்சில்தான் உட்காருவான். போனை எடுக்கவே மாட்டான், கை கிரீஸாக இருக்கிறது என்பான். நீளத் திருப்புளியின் ஒரு முனையை என்ஜினில் வைத்து மறுமுனையை நாங்கள் காதில் வைத்துச் சத்தம் கேட்போம், அவன் பல்லில் கடித்து அதிர்வைப் பிடிப்பான். கம்பெனிக்காரன் முறை போலிருக்கிறது என்று சின்ராசுகூட அப்படிக் கடிக்கப் பழகியிருந்தான்.

அப்புறம் இன்னொன்று நினைவு வந்தது. போன மாதம் என் மகள் சூர்யகலாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு மெட்டு வரை போய்வந்தான். இந்த மலையில் வளைவுக்கு வளைவு ஹாரனை நம்பித்தான் வண்டி ஓடுகிறது. மேலே இருந்து லாரி அடிக்கிற ஹாரன் கேட்காமல் பதினேழு வளைவு ஏறி, பதினேழு வளைவு இறங்கியிருக்கிறான், பின்னால் என் பிள்ளை. அவனைப் பிடித்து நாலு அறை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

அவன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு நானும் கூடவே போனேன். அனுசியா உள்ளே பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் பின்கட்டில் எங்களுக்கு முதுகைக் காட்டிக் குத்தவைத்து உட்கார்ந்து, கை கிரீஸைச் சோப்புப் போட்டுத் தேய்க்கத் தொடங்கினான். பத்தடி தூரம்கூட இருக்காது. நான் தங்கையை ஓரமாக இழுத்து, காதோரம் குனிந்து, "ஆத்தா, மாப்ளைக்கு…" என்று ஆரம்பித்தேன்.

"எதுக்குண்ணே கிசுகிசுக்கிற" என்றாள் அவள், தெருவுக்கே கேட்கிற குரலில். "சாதாரணமாப் பேசு. அவருக்குக் கேக்காது."

அவன் முதுகைப் பார்த்தேன். அது அசையவில்லை. கை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு வருசமாத் தெரியும். பால்குக்கர் கத்திக்கிட்டே கெடக்கும், பக்கத்துலயே பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பாரு. எங்கிட்டச் சொல்லல. நானும் கேக்கல. ஒதட்டப் பாத்துப் புரிஞ்சுக்கிறாரு, நானும் மொகத்துக்கு நேரா நின்னு பேசப் பழகிட்டேன்."

"அப்பறம் எப்படித்தா சென்னைக்கு அனுப்புற?"

அவள் ஒரு சட்டையை எடுத்து மடித்தாள். மடித்ததை உதறி மறுபடியும் மடித்தாள். "ஜோசப் சாருகிட்டப் பேசுனது நாந்தான். எங்க ஏறணும், எங்க எறங்கணும்னு அவரு சொன்னதெல்லாம் இவரு மொகத்தப் பாத்துச் சொன்னேன். ஒண்ண மட்டும் சொல்லலண்ணே. கம்ப்யூட்டரு எல்லாம் இருக்கும்மா, எனக்கு அவன் காதுதான் வேணும்னாரு. அத விட்டுட்டேன். வேலைக்குக் கூப்புடுறாருன்னு மட்டுந்தான் சொன்னேன். ஆறு வருசத்துல அன்னைக்குத்தான் சிரிச்சாரு."

"அத்தன பேரு முன்னால நின்னு முழிப்பான் தாயி. இவன் காத எடுத்ததே அந்த ரூமுதானே. அங்கயே போயி, காதக் கொண்டான்னு கேட்டா என்ன செய்வான்?"

"நீ சொல்லு அப்ப. எனக்கு வாய் வரல."

பின்கட்டில் அவன் எழுந்தான். நாங்கள் இருவரும் வாயை மூடிக்கொண்டோம். அதுவரை அவனைப் பற்றி அவனுக்குப் பின்னாலேயே கூச்சல் போட்டுப் பேசிவிட்டு, அவன் முகம் திரும்பியதும் அமைதியானோம். எனக்கு அது பெரிய பாவமாகப் பட்டது. அவன் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே எங்கள் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தான். "என்ன மச்சான், காப்பி குடிக்கலையா" என்றான்.

அன்றைக்கு நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலும் சொல்லவில்லை. ஏற்றத்தில் வண்டி கரும்புகை கக்கியதால் தேனி ரோட்டில் டீசல் பம்ப் பழுதுபார்க்கிற கடையில் காட்டினேன். கடைக்காரர், என்ஜினுக்குள் டீசல் பீய்ச்சுகிற மூன்றாவது இன்ஜெக்டர் அடைக்கிறது, திங்கட்கிழமை கொண்டுவா என்றார். அதற்கு மேல் அவர் பேசியது எதுவும் மனதில் ஏறவில்லை. எதிரே வருகிறவன் பேசுகிறானா வாயை மட்டும் அசைக்கிறானா என்று பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

சாயங்காலம் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் போனேன். வாசலில் வண்டியை ஓடவிட்டபடியே நிறுத்தினேன். அவன் இறங்கினான். அனுசியா பையை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள். புதுச்சட்டை, சவரம் செய்த முகம், கல்யாணத்தன்று பார்த்ததற்குப் பிறகு அவனை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. வழக்கம்போல் போகிற போக்கில் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தான். நாங்கள் மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல என்று கேலி செய்வோமே, அதே மாதிரி.

நான் ஸ்டாப்பரை இழுத்தேன்.

அவன் கை உடனே நின்றது. என்னைப் பார்த்தான். "ஏன் அணைச்ச?"

கீழே இறங்கி அவன் முகத்துக்கு நேராகப் போய் நின்றேன். வாயை நன்றாகத் திறந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், திறக்கத்தான் பாடாய் இருந்தது. "நேத்தும் அணைச்சுத்தான் எறக்குனேன் மாப்ளே. புலியூத்துல இருந்து."

அவன் என் உதட்டையே பார்த்தான். வெளுத்துப்போகிறது என்பார்களே, அதை அன்றைக்குத்தான் நேரில் கண்டேன். நெற்றியிலிருந்து கீழே இறங்கியது. "எத்தன வளைவு?" என்று கேட்டான்.

"ஏழு."

"ஏழுமா?"

"ஏழும்."

"குலுங்குற ரோட்டுல என்ஜின் அதிர்வு தனியாத் தெரியாது மச்சான்" என்றான். குரல் என்னிடம் பேசுவதாக இல்லை.

சொல்ல வந்ததைப் பாதியில் விட முடியாது. "ஜோசப் சாரு ஒன் காதத்தான் கேட்டிருக்காரு. வேற எதையும் கேக்கல."

அவன் மெல்ல அனுசியா பக்கம் திரும்பினான். அவள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. அவன் படிப்பதற்கு வசதியாக முகத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டாள், உதடு மட்டும் துடித்தது. இரண்டு வருடமாக யாருக்குத் தெரியாது என்று அவன் நினைத்தானோ, அவளுக்கே தெரியும் என்பது அந்த முகத்தில் இருந்தது. அவன் அதையும் படித்து முடித்தான்.

டிக்கெட் கவுண்டர் பக்கமிருந்து ஆட்கள் பெட்டியும் பையுமாக உள்ளே ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்டார்ட் பண்ணு" என்றான்.

"எதுக்கு மாப்ளே?"

"பண்ணுய்யா."

ஏறி ஸ்டாப்பரை உள்ளே தள்ளிச் சாவியைத் திருப்பினேன். அவன் பானட்டின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டான். விரல்களைப் பரப்பினான், கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினான், குனிந்து புதுச்சட்டையோடு நெஞ்சைத் தகரத்தில் சாய்த்தான். ஸ்டேஷன் வாசலில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

"மூணாவது இன்ஜெக்டரு அடைக்குது" என்றான், கண்ணைத் திறக்காமலே.

பம்ப் கடைக்குப் போனதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அனுசியா என்னைப் பார்த்தாள், சரியா என்று கேட்கிற பார்வை. நான் தலையாட்டினேன்.

உள்ளே ரயில் ஊதியது. டீக்கடைக்காரர், ஆட்டோக்காரர்கள், பூ விற்கிற பெண், தூங்கிக்கொண்டிருந்த நாய், எல்லாம் ஒன்றுபோல் ஸ்டேஷன் பக்கம் திரும்பின. அனுசியா பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவன் தோளைத் தொடக் கையை நீட்டினாள், தொடவில்லை. அவன் வெந்நீராய்ச் சுடுகிற தகரத்தில் கன்னத்தை வைத்து இன்னும் கேட்டுக்கொண்டிருந்தான்.