முனியப்பன் தோண்டிய விதை

ஒக்கலிபுரத்தில் மொட்டைமாடி வைத்திருப்பவர்கள் துணி காயப்போடுவார்கள், வடாம் பிழிவார்கள். முனியப்பன் பெயின்ட் வாளிகளில் காடு வளர்த்தார். ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் இதே பித்து. ரம்புட்டான், டுரியன், பேரைச் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் இன்னும் பதினேழு வகை, அத்தனையும் விதையிலிருந்து முளைக்கவைத்தவை. ஒன்றுகூட இதுவரை காய்த்ததில்லை. அதற்காக அவர் கவலைப்பட்டதும் இல்லை. மண்ணிலிருந்து ஒரு பச்சைத் தலை எட்டிப்பார்த்துவிட்டால் அன்றைக்கு மனுஷனுக்குச் சோறே வேண்டாம்.

குறை என்று பார்த்தால் ஒன்றுதான், பொறுமை கிடையாது. ஊன்றி ஒரு வாரம் ஆனதும் வேர் விட்டதா என்று பார்க்கக் கரண்டியோடு போய்விடுவார். கோலார் தங்கவயலில் அவருடைய தாத்தாவும் அப்பாவும் சுரங்கத்தில் தோண்டியே வாழ்ந்தவர்கள்.

"அவங்க தோண்டுனா தங்கமாச்சும் வந்துச்சு. நீ தோண்டி இன்னாய்யா கண்டே?" என்பாள் மனைவி கோமளம்.

ஆனி மாதம் கிருத்திகா அவருக்கு ஒரு விதை கொடுத்தாள். நாமக்கல்லிலிருந்து வந்து ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். பால்கனியில் நாற்காலி போட இடமில்லாமல் தொட்டி வைத்திருப்பவள். கப்பன் பார்க்கில் ஞாயிறுதோறும் விதை மாற்றிக்கொள்ளும் கூட்டத்தில்தான் பழக்கம். வயநாட்டில் அவளுடைய சிநேகிதியின் தோட்டத்தில் ஒற்றை அச்சச்சைரு மரம், பொலிவியா நாட்டுச் சரக்கு, மங்குஸ்தானுக்கு ஒன்றுவிட்ட தங்கை. முதன்முதலாகக் காய்த்த ஒரே பழத்தில் இரண்டு விதை. அரிய விதைகளை ஒரே வீட்டில் வைக்கக்கூடாது என்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம். ஓர் இடத்தில் செத்தாலும் இன்னோர் இடத்தில் பிழைக்கும் அல்லவா? ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு மற்றதை முனியப்பன் கையில் வைத்தாள்.

ஆவணியில் அவளிடமிருந்து போன் வந்தது. குரலே சரியில்லை.

"அங்கிள், என்னோடது அழுகிப்போச்சுங்க. வயநாட்டுல காத்துக்கு அந்த மரமும் சாஞ்சிருச்சாம். இப்ப உங்ககிட்ட இருக்கறது மட்டும்தானுங்க. ஞாயித்துக்கிழமை பார்க்குக்கு வர்றீங்களா? நேர்ல ஒண்ணு பேசோணும்."

போனை வைத்ததும் முனியப்பனுக்குக் கை பரபரத்தது. தன்னுடையதும் அழுகியிருந்தால்? பார்த்துவிடுவதே நல்லது என்று கரண்டியை எடுத்தார். அவசரத்தில் கரண்டி சற்று ஆழமாகப் போய்விட்டது. நறுக்கென்று ஒரு சத்தம். அழுகாமல் கொள்ளாமல் கல் மாதிரி இருந்த விதை, சரிபாதியாக இரண்டு துண்டாகக் கிடந்தது.

அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். தூக்கிப்போட மனம் வரவில்லை. வெட்டுவாய் அழுகாமலிருக்க லவங்கப்பட்டைத் தூளைத் தடவி, இரண்டு துண்டுகளையும் இரண்டு டப்பாக்களில் ஊன்றினார். கோமளம் அவற்றை எடுத்துப்போய்ச் சாமி மாடத்தில், விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இங்க வந்து கரண்டி போடு பாக்கலாம்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கிருத்திகா வாயைத் திறப்பதற்குள் முனியப்பன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் திட்டியிருந்தால் தேவலை. "சரிங்க அங்கிள், பரவாயில்லைங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அந்தப் 'பரவாயில்லை' அவரைத் தூங்கவிடவில்லை. அதற்குப் பிறகு பார்க் பக்கமே அவர் தலைகாட்டவில்லை.

புரட்டாசி போனது, ஐப்பசி போனது. மார்கழிக் குளிரில் மாடியிலிருந்த இரண்டு ரம்புட்டான்கள் கருகின. சாமி மாடத்து டப்பாக்களுக்குக் கோமளம்தான் தண்ணீர் தெளித்தாள். முனியப்பன் கும்பிடும்போது கண்ணை மூடாமல் கும்பிட்டார். கை மட்டும் கூப்பியபடியே இருந்தது.

பொங்கல் கழிந்த வாரம் கோமளம் கத்திய கத்தலில் கீழ்வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். ஒரு டப்பாவில் சிவந்த தளிர் ஒன்று தலையை நீட்டியிருந்தது. ஒன்பது நாள் கழித்து மற்ற டப்பாவிலும். மங்குஸ்தான் குடும்பத்து விதை துண்டுபட்டாலும் ஒவ்வொரு துண்டும் தனித்தனியே முளைக்கக்கூடும் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. முனியப்பன் கூச்சமில்லாமல் அழுதார். அழுது முடித்துவிட்டுக் கிருத்திகாவுக்குப் போன் போட்டார்.

அன்று சாயங்காலமே அவள் ஆபீஸ் பையோடு வந்து நின்றாள். சாமி மாடத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து இரண்டு டப்பாக்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டுமே உன்னிதும்மா. எட்த்துகினு போ," என்றார் முனியப்பன். "என்னை நம்பிக் குடுத்த பொருளு. நான் ஒடச்சிட்டேன்."

அவள் நிமிரவில்லை.

"அன்னிக்கு பார்க்குக்கு உங்கள எதுக்கு வரச்சொன்னேன் தெரியுங்களா அங்கிள்? குடுத்தத திருப்பிக் கேக்கத்தானுங்க. எப்படிக் கேக்கறதுன்னு மூணு நாளா மனசுக்குள்ளயே பேசிப் பாத்துட்டு வந்தேன். நீங்க உடைக்காம இருந்திருந்தா முழுசா வாங்கிட்டுப் போயிருப்பேன். உங்களுக்கு ஒண்ணும் இருந்திருக்காதுங்க."

கோமளம் எழுந்து வந்து, உயரமாக இருந்த கன்றை அவள் மடியில் வைத்தாள்.

"ஒரே வூட்ல வெக்கக்கூடாதும்மா," என்றாள். "இது ஒனக்கு. அது எங்களுக்கு."