நல்ல அளவு வரும்வரை

1

இந்தக் கதையை என் அண்ணனின் இடது கையிலிருந்து எடுத்தேன். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினின் பட்டை சுற்றியிருந்தது. இப்போது அவர் குளிக்கிறார். வேலைக்குக் கிளம்புவதற்குள் நான் எழுதி முடித்தாக வேண்டும்.

"உயரத்தில் வேலை செய்பவனின் இரத்தம்..."

சே, கட்டுரை வாடை அடிக்கிறது. போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

2

அண்ணன் கிரேன் ஓட்டுகிறார். தினமும் ஏறுமுன் அழுத்தம் பார்த்து, மெஷின் திரையைப் படமெடுத்து மேற்பார்வையாளருக்கு அனுப்ப வேண்டும். நூற்று அறுபதைத் தாண்டினால் அன்று ஏற விடமாட்டார்கள்.

இன்று நூற்று எழுபத்திரண்டு. மறுபடி அமுக்கினார். நூற்று அறுபத்தேழு. மறுபடி.

"என்னண்ணே பண்றீங்க?"

"மெஷினுக்கு இன்னும் தூக்கம் கலையலடா. நல்லதா ஒண்ணு வரட்டும்."

கடைசியில் நூற்று ஐம்பத்தெட்டு வந்தது. படமெடுத்தார். "பாத்தியா? இதுதான் நெசம்."*

* ஐந்து நிமிடம் வாய் பேசாமல் உட்கார்ந்து, சற்று இடைவெளி விட்டு இருமுறை பார்த்து, இரண்டுக்கும் சராசரி எடுக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். பிடித்ததைப் பொறுக்கச் சொல்லவில்லை.

3

இவ்வளவு கெட்டிக்கார மனிதர் இப்படிச் செய்வாரா என்று எனக்கே சந்தேகம். கதாபாத்திரம் நம்பும்படி நிற்கவில்லையே. (நானும்தான் பிடித்த வரி வரும்வரை அடித்து அடித்து எழுதுகிறேன். ஆனால் என் வரி பிசகினால் யார் தலையிலும் இரும்பு விழாது.)

"தலை சுத்துதா?" என்று கேட்டேன்.

"நேத்து மேல இருக்கும்போது லேசா. அண்ணிகிட்ட உளறி வைக்காத, ஊரையே கூட்டிடுவா."

"டாக்டர்கிட்ட போலாமே?"

"மாத்திரைய மாத்துவாரு. அது சரியாகற வரைக்கும் கீழ உக்கார வச்சிடுவாங்க. கீழ உக்காந்தா நான் செத்தேன்டா."

அவர் குளிக்கப் போனார்; நான் எழுத உட்கார்ந்தேன்.

4

முடிவுகள்:

ஏறுகிறார், ஓட்டுகிறார், இறங்குகிறார். மாலையில் என்னைப் பயந்தாங்கொள்ளி என்கிறார்.

அல்லது அண்ணியிடம் சொல்லிவிடுகிறேன். அண்ணன் என் முகத்தில் விழிப்பதில்லை.

அல்லது அத்தனை உயரத்தில், கீழே ஆட்கள் நிற்கையில், அவருக்குக் கண் இருட்டி, லீவரைப் பிடித்திருந்த கை...

மாட்டேன். இதை நான் எழுதமாட்டேன், போங்கள்.

குளியலறைக் கதவு எப்போதோ திறந்துவிட்டது. வாசலில் ஷூ மாட்டுகிறார். நான் இன்னும் வாக்கியம் தேடிக்கொண்டிருக்கிறேன், வெட்கமாயில்லை? முடிவு வேண்டுமானால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அண்ணன் வேண்டும்.

"அண்ணி! அண்ணன போக விடாதீங்க!"