பேச்சில்லாத இடம்

தோட்டவெளி என்ற ஊரில் சோபனா தனியாக இருந்தாள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. மன்னாரில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. சின்ன வயதில் இந்தியாவுக்கு அகதியாகப் போய், முகாமில் வளர்ந்து, யுத்தம் முடிந்தபின் தகப்பனோடு திரும்பி வந்தவள். தகப்பனும் போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா அகஸ்ரினா திருச்சியிலேயே கல்யாணம் முடித்துத் தங்கிவிட்டாள். முகாமில் இருந்த காலத்தில் ஒரு படம் பார்த்தால் அக்காவும் தங்கையும் ஒரு கிழமைக்கு அதைப்பற்றிச் சண்டை பிடிப்பார்கள். இப்போது சோபனா ஒரு படத்தைப்பற்றிப் போனில் பேசிப் பதிந்து அனுப்பினால், அக்காவிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வரும்.

அவளுக்குப் பிடிப்பதெல்லாம் குறையுள்ள படங்கள்தான். எல்லாம் சரியாக அமைந்த படம் அடுத்த நாளே மறந்துபோகும். தூக்க முடியாததைத் தூக்கப்போய் நடுவழியில் போட்டுடைத்த படம் மனதில் நிற்கும். கடையில் கூட வேலைசெய்யும் பஸ்னா, "உங்களுக்குப் பிடிச்சா அந்தப் படம் ஓடாது அக்கா" என்று ஒருநாள் சொன்னாள். பகிடிதான். என்றாலும் அதன்பிறகு சோபனா கடையில் படத்தைப்பற்றிக் கதை எடுப்பதில்லை.

ஒரு புதன்கிழமை லீவு போட்டு வவுனியாவுக்கு பஸ் ஏறினாள். எல்லோரும் திட்டித்தீர்த்த ஒரு படம் அங்கே ஓடியது, அடுத்த நாளோடு தூக்கப்போகிறார்கள். பகல் காட்சிக்கு வந்திருந்த கொஞ்சப் பேரிலும் பாதி இடைவேளையோடு எழும்பிப் போய்விட்டது. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். படம் முடிந்து லைற் போட்டபோது அவளும் பின்வரிசையில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மனுசனும்தான் மிச்சம்.

திரும்பி வரும் பஸ்ஸில் அந்த மனுசன் பக்கத்துச் சீற்றில் இருந்தார். பெயர் முஹைதீன், சிலாவத்துறை ஆள். கண் கிளினிக்குக்கு வந்த இடத்தில் கண்ணுக்குள் மருந்து விட்டு அனுப்பிவிட்டார்களாம். வெயில் கூசி நிற்க முடியாமல், பஸ் வரும்வரை இருட்டில் இருப்போம் என்று தியேட்டருக்குள் போயிருக்கிறார். எல்லாம் மங்கல். காதால் கேட்டதுதான் படம்.

"தங்கச்சி, கடைசியில கனநேரம் ஒரு பேச்சுமில்லை. தண்ணி விழுற சத்தம் மட்டும் கேட்டுது. மெசின் பழுதோ எண்டு நினைச்சன். அந்த இடத்தில என்ன நடந்தது?"

அவள் முழுப்படத்தையும் பொறுத்துக்கொண்டு இருந்ததற்குக் கிடைத்தது அந்த ஒரு இடம்தான்.

தான் விரட்டிவிட்ட மகனைத் தேடி ஊர் ஊராக அலைந்த தகப்பன் கடைசியில் வீட்டைக் கண்டுபிடிக்கிறான். மகன் வேலைக்குப் போய்விட்டான். மருமகளுக்கு ஆளைத் தெரியாது. பசித்து வந்த யாரோ என்று நினைத்துச் சோறு போடுகிறாள். அவன் சோறு சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைக்கிறான். கொடியில் காயும் மகனின் சேர்ட்டைக் கொஞ்சநேரம் பார்க்கிறான். பிறகு போய்விடுகிறான். சோபனா இதை அவசரப்படாமல் சொன்னாள், மருமகளின் கை அகப்பையோடு தயங்கிய இடத்தையும் விடவில்லை.

முஹைதீனுக்கு அது பிடிக்கவில்லை. "சொல்லாமத் திரும்பி வாறதுக்கு அவ்வளவு தூரம் ஏன் போகவேணும்? நானெண்டா சொல்லியிருப்பன்."

சொல்லியிருந்தால் அழுகையும் மன்னிப்புமாக எல்லாப் படத்தையும்போல முடிந்திருக்கும் என்றாள் சோபனா. முடிந்தால் என்ன, அழுதால் ஆறும் என்றார் அவர். செட்டிகுளம் கழிந்தது, மடுச்சந்தி கழிந்தது, மனுசன் விட்டுக்கொடுக்கவில்லை. பேசிப் பேசிச் சோபனாவின் தொண்டை காய்ந்துபோனது. இப்படிக் கதைத்து எத்தனை வருசம்.

"அப்ப உங்களுக்கு அது நல்ல படம்?"

"இல்லை முஹைதீன் நானா. அரைவாசி குப்பை. செத்தவீட்டுக்குப் பிறகு ஒரு டான்ஸ் வைச்சிருக்கிறாங்கள். ஆனா ஆக்கள் எழும்பிப் போவினம் எண்டு தெரிஞ்சுகொண்டே அந்த இடத்தில ஒரு வார்த்தை வைக்கேல்லை பாருங்கோ. அதுக்கு ஒரு துணிவு வேணும்."

அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே முருங்கன் வந்துவிட்டது. அவர் மாறி ஏறவேண்டிய சிலாவத்துறை பஸ் அங்கே நின்றது. "வாறன் தங்கச்சி" என்று கம்பியைத் தடவித் தடவி இறங்கினார்.

பஸ் வெளிக்கிட்டபிறகுதான் அவளுக்கு மறுமொழி தோன்றியது. மகன் உயிரோடு இருக்கிறானா என்று பார்க்கத்தான் அந்தத் தகப்பன் அவ்வளவு தூரம் போனான். சேர்ட்டைக் கண்டதும் போன காரியம் முடிந்துவிட்டது. இதைச் சொல்லியிருந்தால் மனுசன் என்ன சொல்லியிருப்பார்?

அவர் இருந்த இடத்தில் இப்போது ஒரு பொம்பிளை மடியில் பையோடு இருந்தாள். சோபனா ஒருதரம் அவள் பக்கம் திரும்பினாள். பொம்பிளை கண்ணை மூடிக்கொண்டாள். மன்னார்ப் பாலத்தடியில் உப்புக்காற்று அடித்தது. சோபனா யன்னலை இழுத்துச் சாத்தினாள்.