மாப்பிள்ளைக்கு முதுகு வலித்தது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் தலையில் உதித்தது அல்ல. நேற்றுக் காலை அக்கா போனில் அனுப்பிய பன்னிரண்டு நொடி வீடியோவிலிருந்து திருடியது. அதில் ஒரு குதிரையின் பின்புறம் மட்டும் தெரிகிறது. குதிரை நடந்து போகிறது. கூடவே அக்காவின் கூச்சல்: "டேய், வாலப் பாருடா! வாலப் பாரு!"

பார்த்தேன். வால் இடமும் வலமும் ஒரே அளவாக ஆடியது. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? கேட்டால், போன வருஷம் முழுக்க அந்த வால் ஒரு பக்கமாக ஒதுங்கி விறைத்தே கிடந்ததாம். முதுகு இளகினால்தான் வால் ஆடுமாம். எனக்குக் கை பரபரத்துவிட்டது. நோட்டைத் தூக்கிக்கொண்டு, அக்கா வேலை பார்க்கும் குதிரை லாயத்துக்கு இன்று விடியும்போதே வந்துவிட்டேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "பனி விலகாத அந்த வைகறையில், கம்பீரமான அந்தக் கருங்குதிரை தன் பிடரியை"

அடித்துவிட்டேன். குதிரை கருப்பு இல்லை, செம்மண் நிறம். கம்பீரமும் கிடையாது. ஐந்து வயசு, வளர்ந்து முடியாத நீளக் கால், வயிற்றில் எப்போதும் ஒட்டிக்கொண்ட வைக்கோல்.

இரண்டாவது முயற்சி: "அந்தக் குதிரை அவளை மூன்று முறை கீழே தள்ளியது." இது நடந்தது. இதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

அவள் இளங்குதிரைகளைப் பழக்குகிறவள். (அக்காவேதான். 'அவள்' என்று எழுதினால் கொஞ்சம் தைரியமாக எழுத முடிகிறது.) சேணம் கட்டப் போனாலே இந்தக் குதிரை காதை மடக்கிப் பல்லைக் காட்டும். ஏறினால் எகிறும். "மாப்பிள்ளை முறுக்கு!" என்றார் லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் அவள் கணவர். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவன் பெயர் மாப்பிள்ளை. அவளும் முறுக்கை எடுக்கும் வேலையில் இறங்கினாள். மூன்று மாதம். சாட்டையாலும்.

பிறகுதான் குதிரை டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார். சேணம் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே முதுகெலும்பின் முனைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன.

"முறுக்கெல்லாம் இல்லம்மா, வலி" என்றார்.

[இந்த இடத்தில் 'அவள் கதறி அழுதாள்' என்று எழுதியிருந்தேன். அக்கா படித்துவிட்டுச் சொன்னது: "உடனே அழலடா. வெளிய போய் சாட்டைய ஒடச்சேன். ஒடையல, அது பைபர். அதுக்கப்புறம்தான் அழுதேன்."]

3

உரசிய முனைகளைச் சீவ ஆபரேஷன். அது முடிந்து ஒரு மாதம் கொட்டிலில் ஓய்வு. பிறகு கையில் பிடித்து நடை: முதல் நாள் ஐந்து நிமிடம், அடுத்த வாரம் பத்து. பிறகு நீளக் கயிற்றில் வட்டம். தரையில் கிடத்திய கழிகளைத் தாண்டவைத்து, தலையைத் தாழ்த்தி முதுகைத் தூக்கி நடக்க அவனைப் பழக்கினாள். ஆபரேஷனுக்காக முதுகில் சிரைத்த இடத்தில் முடி வெள்ளையாக முளைத்தது. போன வாரம் வெறும் சேணம். அடுத்து, ஆள்.

அதற்கு அவளே ஒரு விதி போட்டுக்கொண்டாள். ஏறுவதற்கான மரப்படியில் அவள் நிற்பாள். கயிறு தொய்வாக இருக்கும். மாப்பிள்ளை தானாக வந்து படியை ஒட்டி நிற்கவேண்டும். விலகினால் அன்றைக்கு ஏறுவது இல்லை. இந்த வாரத்தில் இரண்டு முறை விலகிவிட்டான்.

"குதிரகிட்ட சம்மதம் கேக்குறியாக்கும்?" என்று கிண்டல் செய்தேன்.

"முதல்ல கேக்காம விட்டதுதானே தப்பு? இன்னிக்கும் விலகினான்னா நான் இனிமே எந்தக் குதிர மேலயும் ஏற மாட்டேன். சும்மா சொல்லலடா."

இருபது வருஷமாக அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை அது.

4

கதைக்கு ஒரு வில்லன் இருக்கட்டுமே என்று அவள் கணவரைக் கடுகடுப்பாக எழுதி வைத்திருந்தேன்.* மாமா எட்டிப் பார்த்தார். கோபப்படவில்லை. "அந்தப் பேர வச்சது நான்தான். வலின்னு எனக்கும் தெரியல. அதையும் எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளைக்குக் கேரட் நறுக்கப் போய்விட்டார். போயிற்று என் வில்லன்.

* இரண்டரைப் பக்கம். நன்றாகவே வந்திருந்தது.

முடிவு அ: அவள் ஏறுகிறாள், குதிரை காற்றாய்ப் பறக்கிறது. ("முதல் நாளே பறக்குறதா? அஞ்சு நிமிஷம் நடந்தாலே எனக்கு லட்டு கெடச்ச மாதிரி." இது அக்கா.)

முடிவு ஆ: குதிரை விலகுகிறது. அவள் சேணத்தைக் கழற்றி மாட்டிவிட்டு

இதை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

5

இனி நடக்க நடக்க எழுதுகிறேன். பயிற்சித் திடலின் வேலிக்கட்டைமேல் நோட்டு. கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறது.

அக்கா படிமேல் நிற்கிறாள். மாப்பிள்ளை வருகிறான். வந்துவிட்டான். இல்லை, ஒரு எட்டு விலகுகிறான்.

அக்கா இழுக்கவில்லை. "சரிடா ராஜா. வேணாம்னா வேணாம்." இறங்கப் போகிறாள்.

மாப்பிள்ளை கழுத்தைத் திருப்பி அவளைப் பார்க்கிறான். மூக்கால் நீளமாக மூச்சு விடுகிறான். பின்னங்காலில் ஒன்றைப் படியை நோக்கி வைக்கிறான். இன்னொன்றையும்! சேணம் அவள் முழங்காலுக்கு நேராக வந்து நிற்கிறது. யாரும் அவனைத் தொடவில்லை, கயிறு தொய்ந்தேதான் இருக்கிறது, நானே சாட்சி!

மாமா ஓடப் போய், அவன் மிரண்டுவிடுவான் என்று சட்டென்று நடைக்கு மாறுகிறார். சேணம் சரியாமல் இருக்க அந்தப் பக்கம் தொங்கும், கால் வைக்கும் வளையத்தை அழுத்திப் பிடிக்கிறார்.

"எழுதினது போதும், வந்து கயித்தப் பிடி" என்கிறாள் அக்கா, திரும்பாமலே.

"நானா?"

"பின்ன, உன் வாசகருங்களா?"

கயிற்றுக்கு இரண்டு கையும் வேண்டும். நோட்டை வேலியிலேயே விட்டுவிட்டுப் போகிறேன். அக்காவின் இடது கால் வளையத்தில் இருக்கிறது, வலது கால் இன்னும் படியில். அங்கிருந்து நீங்கள் எழுதுங்கள். மெதுவாக, அவன் மிரளாமல்.